இருபதுக்கு எத்தனை, பாய்?

இரண்டு வருஷமாக நானும் ஆம்பூர் நண்பர் ஒருவரும் பழைய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் பாட்டு தொடங்கி கடைசிப் பாட்டு வரை முழுசாகக் கேட்டு, மார்க் போட்டு வருகிறோம். கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "எம்.எஸ்.விக்கும் இளையராஜாவுக்கும் மார்க் போட நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

நண்பரைப் 'பாய்' என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னை 'சார்' என்பார். என்னைவிட மூன்று வயது இளையவர். நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் உழைத்தவர். முதலில் மெஷின் பக்கம், பிறகு அசார்ட்டிங் மேசை. மாசத்தில் இரண்டு சனிக்கிழமை ஆம்பூரிலிருந்து பஸ் மாறி, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏலகிரிக்கு என் வீட்டுக்கு வருவார். கையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பாட்டு மறந்துபோகும்.

அசார்ட்டிங் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக இரண்டு வரி. பதனிட்ட தோல் ஒவ்வொன்றையும் மேசையில் விரித்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து அடுக்குவது. உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கீறல், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, எல்லாம் கணக்கு. குறை எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். வயிற்றிலும் காலோரத்திலும் இருந்தால் வெட்டி ஒதுக்கிவிடலாம். முதுகின் நடுவில் ஒரே ஓட்டை இருந்தாலும் தரம் இறங்கிவிடும், ஏனென்றால் செருப்பின் மேல்பாகத்துக்கு எடுப்பது அந்த இடத்தைத்தான். நேர் வெயில் பளபளப்பைக் காட்டிக் குறையை மறைத்துவிடும் என்பதால், வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். பாய் என் வீட்டில் முதல் தட்டை உறையிலிருந்து உருவியதும் நேரே வடக்கு ஜன்னலுக்குத்தான் போனார். தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கீறல் சார். ஒண்ணு மேலாப்ல, ஒண்ணு ஆழம்" என்றார். ஊசி வைத்துப் பார்த்தோம். சொன்ன இடத்தில்தான் தட்டு தடுக்கியது.

என் பக்கத்துத் தகுதி வேறு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே மார்க் நூற்றுக்கு இல்லை, 20க்கு. 10 வந்தால் தேறியாயிற்று. 12 'அசே பியேன்', ஓரளவு நன்று. 14 'பியேன்', நன்று. 16 'த்ரே பியேன்', மிக நன்று. அதற்கு மேல் யாரும் எளிதில் ஏற முடியாது. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு என்று பிரெஞ்சுக்காரர்களிடையே ஒரு பேச்சே உண்டு. இந்தக் கஞ்சத்தனம் பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. "எங்க ஷாப்புலயும் அப்படித்தான் சார். நூறு தோல் விரிச்சா ஃபர்ஸ்ட் கிரேடு தேடிக் கண்டுபிடிக்கணும்" என்றார். ஆகவே 20க்கு என்று முடிவாயிற்று.

தட்டுகள் எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். கேசட் வந்த புதிதில் மைக் செட் கடைக்காரர்கள் தங்களிடமிருந்த தட்டுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அப்போது வாங்கிச் சேர்த்தவை. பல தட்டுகளில் கடைக்காரரின் ரப்பர் ஸ்டாம்பு இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் நூறு தடவை சுற்றிய தட்டுகள்.

நம் தலைமுறை பாட்டை ஒவ்வொன்றாகத்தான் கேட்டது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம், ஒரு பாட்டு. அந்தத் தட்டுகள் அரக்கால் செய்தவை, அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் போனது. பிறகு 45 சுற்று இ.பி. அதற்கும் பிறகு எல்.பி. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948இல் கொண்டுவந்த 12 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடும். ஒரு படத்தின் எல்லாப் பாட்டும் ஒரே தட்டில் அடங்கிற்று. ஆனாலும் நாம் கேட்டது என்னவோ இலங்கை வானொலியில் ஒரு பாட்டு, டீக்கடையில் ஒரு பாட்டு, மைக் செட்டில் ஒரு பாட்டு. ஒரு தட்டை உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? "ஷாப்புல பதினஞ்சு வருஷம் ரேடியோ கேட்டிருக்கேன் சார். ஒரு படத்தோட எல்லாப் பாட்டையும் வரிசையாக் கேட்டது கிடையாது" என்றார் பாய். அங்கிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது.

விதிகள் நான்கு வைத்துக்கொண்டோம். ஒன்று, ஊசியை நடுவில் எடுக்கக் கூடாது. டீ, தட்டைத் திருப்பும்போது மட்டும். இரண்டு, ஒரு பக்கம் முடியும்வரை பேச்சு கிடையாது. மார்க்கைத் தனித்தனியாகத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, பிறகு சேர்ந்து பிரிக்க வேண்டும். மூன்று, பக்தித் தட்டுகளுக்கு மார்க் இல்லை. எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதத்துக்கும் இல்லை, நாகூர் ஹனீபாவுக்கும் இல்லை. கேட்பதோடு சரி. நான்கு, அடுத்தவருக்குத் தெரியாத பாஷையில் ஒவ்வொருவரும் ஒரு தட்டு கொண்டுவரலாம்.

முதல் தட்டு கர்ணன். 1964, விஸ்வநாதன் ராமமூர்த்தி. கண்ணதாசன் பாட்டுகள். வடக்கத்தி ராகங்களும் வாத்தியங்களும் நம் புராணக் கதைக்குள் வந்து உட்கார்ந்த விதம் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. கர்ணனின் கொடையைப் புகழும் சபைக் காட்சியில் சீர்காழி, டி.எம்.எஸ்., திருச்சி லோகநாதன், பி.பி. ஸ்ரீனிவாஸ் ஆகியோர் அடுத்தடுத்துப் பாடுவதை முன்பெல்லாம் கதைக்காகக் கேட்டோம். இப்போது குரலுக்காகக் கேட்டோம். ஒவ்வொரு குரலும் ஒரு தனி ஊர். நான் 17. சீட்டைப் பிரித்தால் பாயும் 17. அன்றைக்கு இந்த ஏற்பாடு சண்டையில்லாமல் ஓடும் என்று நினைத்தோம்.

சண்டை நினைத்தாலே இனிக்கும் தட்டில் வந்தது. 1979, எம்.எஸ்.வி. மெல்லிசைக் குழு ஒன்று சிங்கப்பூர் போய்ப் பாடுகிற கதை. பாட்டுக்குப் பாட்டு வேறு உடை. துண்டுத் துண்டாகச் சின்னப் பாட்டுகளும் உண்டு. நான் 16 போட்டேன். பாய் 13.

"ஏன் பாய்?"

"நல்லது ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா நடுவுல ரெண்டு இடத்துல இறங்குது. நடு முதுகுல ஓட்டை."

இங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் அடிப்படை வேறு என்று தெரிந்தது. என் பள்ளிக்கூடத்தில் இரண்டு விதமாக மார்க் போடுவார்கள். 'டிக்தே' என்பது வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது. பிழைக்குப் பிழை மார்க் கழியும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம், மற்றது எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி. இன்னொன்று கட்டுரை. அதில் நல்லது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி மார்க் கூட்டுவார்கள். நான் தட்டைக் கட்டுரை மாதிரி திருத்துகிறேன். பாய் டிக்தே மாதிரி திருத்துகிறார். ஆனால் எல்லாக் குறைக்கும் ஒரே விலை என்பதில்லை, இடத்துக்குத் தகுந்த விலை.

அந்த இட விஷயத்தில் அவர் சொன்னது பிறகு எனக்கு நிஜமாகவே உதவியது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி ஓடும் தூரம், லேபிளுக்கு அருகில் உள்வட்டத்தில் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஜண்டையும் 'ஸ', 'ஷ' எழுத்துகளும் கரகரக்கும். பாடியவர் மேல் தப்பில்லை, இடத்தின் மேல் தப்பு. இதைப் பாய்க்கு விளக்கியதும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வயிறு." அன்று முதல் கடைசிப் பாட்டின் கரகரப்புக்கு நாங்கள் மார்க் குறைப்பதில்லை.

திருவிளையாடல் தட்டைக் கேட்ட சனிக்கிழமை நல்ல பொழுது. 1965, கே.வி. மகாதேவன் இசை. கே.பி. சுந்தராம்பாள், பாலமுரளி, டி.ஆர். மகாலிங்கம், டி.எம்.எஸ். என்று ஒரே தட்டில் இத்தனை பெரிய குரல்கள். மார்க் போடுகிறவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. நக்கீரர் சிவபெருமானின் பாட்டுக்கே மார்க் குறைத்தவர் அல்லவா? "அவர்தான் சார் அசார்ட்டர்" என்றார் பாய். "முதலாளியே தோலைக் கொண்டாந்து விரிச்சாலும் செகண்டுன்னா செகண்டு." ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். "நாப்பது வருஷத்துல குறையே இல்லாத தோல் நான் பார்த்தது கிடையாது சார். ஆடு மேஞ்சிருக்கு, முள்ளுல உரசியிருக்கு, இன்னொரு ஆட்டோட முட்டியிருக்கு. குறையே இல்லைன்னா அது தோல் இல்ல, ரெக்சின்."

அபூர்வ ராகங்கள் (1975), சங்கராபரணம் (1980) இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். இரண்டும் வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படங்கள். அவர் 1945இல் வேலூரில் பிறந்தவர், ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்தவர். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4ஆம் தேதி காலமானார். நம் ஜில்லாக்காரர் என்பதால் பாய் தாராளமாகப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சங்கராபரணத்துக்கு 16, அபூர்வ ராகங்களுக்கு 14. "ஊர்க்காரங்கன்னு கூட்டிப் போட்டா அது அசார்ட்டிங் இல்ல சார், கல்யாண மொய்" என்றார்.

ப்ரியா தட்டை எடுத்த அன்று நல்ல மழை. என் அறைக்கு மேலே தகரக் கூரை. ஸ்பீக்கரில் கேட்க வழியே இல்லை. அதனால் ஹெட்போனில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். 1978 படம், இளையராஜா. தமிழ்ப் படப் பாட்டுகளில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் படம் என்று பெயர் வாங்கியது. மோனோ தட்டில் எல்லா வாத்தியமும் ஒரே ஒலியாக வரும். ஸ்டீரியோவில் தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர், ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது ஒலி. ஹெட்போனில் கேட்டால் வாத்தியங்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்பது நன்றாகத் தெரியும். நான் கேட்டு 16 எழுதினேன். பாய் கேட்டு 12 எழுதினார். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இடையிசை காலியாக உள்ளது.'

இளையராஜாவின் இடையிசை காலியா? எனக்குப் புரியவில்லை. பாய், "ஹெட்போன்ல ஒரு பக்க வயர் போயிருக்கு சார்" என்றார். நான் போட்டுப் பார்த்தேன், இரண்டும் பேசிற்று. அப்புறம் ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதாக்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப முன்னே கேக்காத வாத்தியமெல்லாம் கேக்குது. முன்னே கேட்டது போச்சு" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது. வயர் அல்ல, காது. இடது காது.

மலை ஏறினால் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். ஆம்பூரிலிருந்து இங்கே வருவதற்குள் எழுநூறு எண்ணூறு மீட்டர் ஏறிவிடுகிறோம். அதனால் ஒரு பக்கம் மந்தமாக இருப்பதை பாய் மலையின் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அறைக்குள் ஸ்பீக்கரில் கேட்டபோது இது தெரியவும் வழியில்லை, இரண்டு ஸ்பீக்கர் ஒலியும் ஒரு நல்ல காதுக்கே வந்து சேர்ந்துவிடும். மூளை சரிக்கட்டிக்கொள்ளும். ஹெட்போன்தான் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வாரமே அவர் மகன் வேலூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். ஒலிபுகாத அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு காதிலும் தாழ்ந்த ஒலியிலிருந்து மேல் ஒலி வரை கொடுத்துச் சோதித்தார்கள். அந்தத் தாளைப் பாய் எனக்குக் காட்டினார். வலது காதின் கோடு கொஞ்சம் இறக்கம். இடது காதின் கோடு மேல் ஒலிப் பக்கம் செங்குத்தாகக் கீழே விழுகிறது. ஸ்கேன் எடுத்து, கட்டி போன்ற கெடுதல் ஏதும் இல்லை என்று உறுதி செய்தார்கள். நரம்புத் தேய்மானம், வயதும் ஒரு காரணம், வாலிபத்தில் பல வருஷம் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். போன கேள்வி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், காது மெஷின் போட்டுக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். வலது காதும் மெதுவாக இறங்கத்தான் செய்யும் என்பதையும் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை பாய் வரவில்லை. போன் செய்தேன்.

"இனிமே நான் மார்க் போடறது முறை இல்ல சார்" என்றார். "கண்ணுல புரை விழுந்தப்ப நானே முதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன், மேசையிலேர்ந்து என்னை எடுத்துடுங்கன்னு. யாரும் கண்டுபிடிக்கலை. நான்தான் சொன்னேன். பார்வை சரியில்லாதவன் தரம் பிரிச்சா, எவனோ ஒருத்தனோட செருப்பு கிழியும். இப்பக் காது. நீங்க போடுங்க. நான் கூட உக்காந்து கேக்கறேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? 'பரவாயில்லை பாய், விளையாட்டுக்குத்தானே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு வருஷமாக நாங்கள் செய்ததே விளையாட்டு என்று ஆகிவிடும். அவர் அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. அதனால், "மேசையில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் இருந்த ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்ததாம். புது அசார்ட்டரின் கை நம்பகமானதா என்று பார்க்க, ஏற்கெனவே அவர் தரம் பிரித்த இருபது தோலைக் கலைத்துப்போட்டு, சில நாள் கழித்து மறுபடி பிரிக்கச் சொல்வார்கள். இரண்டு தடவையும் ஒத்துப்போனால் கை சரி.

"அதையே செய்வோம்" என்றேன்.

ஐந்து மோனோ தட்டுகளை எடுத்தோம். கர்ணன், திருவிளையாடல், அபூர்வ ராகங்கள் மூன்றோடு, வேற்றுப் பாஷை விதியின்படி பாய் கொண்டுவந்த மொகலே ஆஜம் (1960, நௌஷாத் இசை, படே குலாம் அலி கான் பாடியது), நான் கொண்டுவந்த எடித் பியாஃப். பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் உடல்நலம் குன்றிய நிலையில் அந்த அம்மாள் பாடிய கச்சேரித் தட்டு அது. 1961இல் வந்தது. பழைய சீட்டுகளை என் மனைவியிடம் கொடுத்துப் பூட்டி வைத்தோம். காது மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பேன் என்றார் பாய். அந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது. வீணையைக் கூடத் தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டியது போல ஆக்குகிறது என்று அவருக்குக் குறை. பிறகு இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்துக் கொடுத்தார்கள், இப்போது கொஞ்சம் தேவலை.

என் பழைய ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் எந்தத் தட்டானாலும் இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி. முப்பது வருஷமாக நான் தொடாத பொத்தான்.

இரண்டு மாசம் ஆயிற்று. கடைசியில் சீட்டுகளைப் பிரித்தோம். பாய்: கர்ணன் 17, மறுபடியும் 17. திருவிளையாடல் 17, இப்போது 16. மொகலே ஆஜம் 17, மறுபடியும் 17. அபூர்வ ராகங்கள் 14, இப்போது 15. பியாஃப் மட்டும் 11லிருந்து 14. ஏன் என்று கேட்டேன். "முதல் தடவை அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன் சார். இந்தத் தடவை தேடலை. குரலை மட்டும் கேட்டேன்." இது காதின் குறை இல்லையே!

சோதனை என்றால் இருவருக்கும்தான் என்று நானும் எழுதியிருந்தேன். திருவிளையாடல் 16லிருந்து 14. அபூர்வ ராகங்கள் 15லிருந்து 17. இரண்டு காதும் சரியாக உள்ளவனின் மார்க் அவர் மார்க்கைவிட அதிகமாக ஆடியிருந்தது. திருவிளையாடல் கேட்ட அன்று எனக்கு முழங்கால் வலி. கேட்டவனின் அன்றைய பொழுதும் கொஞ்சம் மார்க்கில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இப்போது சீட்டில் தேதியும் எழுதுகிறோம்.

பாய் நெடுநேரம் சீட்டுகளை வடக்கு ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கை இன்னும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

ப்ரியாவை மோனோ பொத்தான் அமுக்கி மறுபடி கேட்டோம். பாய் 15 போட்டார். அவருக்குக் காலியாக இருந்த இடமெல்லாம் நிறைந்துவிட்டது. எனக்கு அந்த விலகி நிற்கும் அழகு கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் கர்ணன் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, மைக்குக்கு யார் பக்கம், யார் தூரம் என்று நிறுத்தி வைத்து, ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். அதை நாம் ஒரு ஸ்பீக்கரில்தான் கேட்டோம். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இதுவரை வந்ததில் உச்ச மார்க் இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தட்டுக்கு. 1986இல் வந்தது. படப் பாட்டு இல்லை, வாத்திய இசை மட்டும். தியாகராஜருக்கும் ஜெர்மானியர் பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். பாக் எழுதிய வயலின் உருப்படி ஒன்றின் மேலேயே இளையராஜா தன் இசையை எழுதிச் சேர்த்த உருப்படி இதில் இருக்கிறது. இருநூற்றைம்பது வருஷ இடைவெளி இருப்பதே தெரியாது. பத்து உருப்படிகளில் ஒன்றுக்கு 'ஒப்பிடாதே' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் மார்க் போட்டோம். நான் 17, பாய் 18. "ஓட்டை எங்கேயும் இல்லையா பாய்?" என்றேன். "ஒரு இடத்துல உரசல் இருக்கு சார். இருக்கட்டும், ரெக்சின் இல்லைன்னு தெரியணுமே."

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பு நல்ல தட்டுகளைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம், பலாச்சுளையில் பெரியதைக் கடைசியில் தின்பது போல. இப்போது வரிசையைப் பாய் மாற்றி எழுதிவிட்டார். அவருக்கு எதைக் கேட்க அதிக ஆசையோ அது முதலில். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் முப்பது தட்டுகள் இருக்கின்றன.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஹெட்போன் இருந்தால், தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பிறகு இடது வலது மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஒரே காதுப் பக்கம் எப்போதும் மந்தமாக இருந்தால், குரும்பி என்றோ சளி என்றோ மலை என்றோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விடுங்கள். முதல் சில நாட்களில் வைத்தியம் செய்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வருகிற சனிக்கிழமை தில்லானா மோகனாம்பாள். 1968, கே.வி. மகாதேவன், மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். மோனோ பொத்தானை இப்போதே அமுக்கி வைத்துவிட்டேன்.